டாக்டர் வீட்டுக் கருமாதி

“கருமாதிக்கு யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம்” என்று ஹட்டன் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து வினோஜன் எழுதினான். அடுத்த நிமிடமே யாழ்ப்பாணத்துக் கோபிசங்கரின் பதில் வந்து விழுந்தது.

“இதில என்ன சிரமம் மச்சான். உன்ர அப்பா எண்டால் எங்களுக்கும் அப்பா மாதிரித்தான். வாறம்.”

வினோஜன் கொழும்பில் மென்பொருள் பொறியியலாளன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை பிடிப்பதில் சூரன். ஆபீஸ் விட்டால் போர்டிங் அறை, பேச ஒரு ஆள் கிடையாது. அந்தத் தனிமையில்தான் பழைய வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் பைத்தியங்களின் இணையக் குழுவில் சேர்ந்தான். சின்னக் குழு, எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். “சாப்பிட்டியா” என்று அவனைக் கேட்கக் கொழும்பில் அவர்கள்தான் இருந்தார்கள்.

சேர்ந்த புதிதில் யாரோ அப்பாவைப் பற்றி விசாரிக்க, “மஸ்கெலியாப் பக்கம், தோட்டத்து டாக்டர்” என்று எழுதித் தொலைத்துவிட்டான். அப்பா சோலைமலை, தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கிறவர் என்று எழுத விரல் வரவில்லை.

இப்போது அப்பா செத்துப் போய்விட்டார். பொய் மட்டும் சௌக்கியமாக இருந்தது.

“ரோட்டுல மண்சரிவு” என்று எழுதிப் பார்த்தான்.

“மண்வெட்டியோட வாறம்.”

“அம்மா ஹட்டனுக்கே வந்துட்டாங்க.”

“அப்ப இன்னும் லேசு. எந்த வீடு?”

சரி, ஹட்டனிலேயே வேனை மறித்து, ஒரு கடையில் சோறு போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம். கருமாதியன்று காலைச் சடங்கு முடிந்ததும், கூட்டாளிகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஓடினான். ஹட்டன் கடையில் எல்லோரும் சோற்றில் கை வைக்கிற நேரத்தில் அவனுடைய போன் அடித்தது. அவன் அம்மா வீரம்மாவுக்கு எப்போதுமே அடுத்த மலைக்குக் கேட்கிற குரல்.

“எங்கடா இருக்க? லயமே ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. கூட்டாளிங்களையும் கூட்டிக்கிட்டு வந்துரு சாமி.”

எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள்.

வேனில் கடைசிப் பொய்யையும் சொன்னான். “டாக்டர் குவார்ட்டர்ஸ்ல கூரை மாத்துறாங்க. கொஞ்ச நாளா லயத்துலதான் இருக்கோம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவர்களும் போய்விட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று பயமாக இருந்தது.

லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அப்பாவின் பழைய ரேடியோ, அதன் மேல் மாலை போட்ட அவர் படம். கோபிசங்கர் அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டான்.

“மச்சான், உங்கட தோட்டக்காரரும் தவறிட்டாரோ?”

“எந்தத் தோட்டக்காரர்?” என்றான் வினோஜன்.

“இவர்தான். போன வருசம் சிவனொளிபாத மலைக்கு வரேக்க உன்ர வீட்டையும் தேடி வந்தனான். வினோஜன்ர அப்பா, அந்த டொக்டர்ர வீடு எது எண்டு ரோட்டில இவரைத்தான் கேட்டன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நிண்டார். பிறகு, ‘டாக்டர் ஐயா வெளியூர் போயிட்டாருங்க, நான் அவரு வீட்டுத் தோட்டக்காரன்’ எண்டு சொல்லி, கடையில தேத்தண்ணி வாங்கித் தந்தார். போகேக்க கையைப் பிடிச்சு, ‘என்னயப் பார்த்ததா எங்க சின்னையாகிட்ட சொல்லிறாதீங்க, அவரு மனசு சங்கடப்படும்’ எண்டு கெஞ்சினவர்.”