பின் சீட்டைக் கழற்றினேன்

இந்த வருஷம் பல் டாக்டரை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். மனைவியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். இந்த முடிவை அவளிடம்கூடக் கேட்கவில்லை. அதிலிருந்தே என் தீவிரம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பல் டாக்டர் எங்கள் கார் கிளப்பில் உறுப்பினர். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஒரு ஓட்டத்தடத்தை வாடகைக்கு எடுக்கும். பதினான்கு வளைவுகள். ஒரே சுற்று. ஒவ்வொரு காரிலும் ஓட்ட ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வளைவு சொல்ல ஒருவர். போன வருஷம் டாக்டர் என்னை முக்கால் செகண்டில் முந்தினார். கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். நான் அந்த மாதம் முழுக்கப் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் தேய்ந்துபோனது. அதற்கும் அவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

என் கார் நீல நிறம். இரண்டு கதவு. வயது பன்னிரண்டு ஆனாலும் உள்ளே இருநூற்றுப் பத்து குதிரை சக்தி. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னால் நான் மூவாயிரத்திலேயே மாற்றுவேன். காலையில் டயர் சூடாவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கும் காற்று அளப்பேன். எனக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. முன் இடது டயருக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிரேக் பேட், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாவற்றையும் ஒசத்தியாக மாற்றியாகிவிட்டது.

வாரா வாரம் சனிக்கிழமை காரைப் பட்டறையில் காட்டிவிட வேண்டும், ஆனால் அன்று எனக்கு வேலை உண்டு. அதனால் காரைப் பட்டறையில் விட்டு எடுத்து வருவது என் மனைவியின் பொறுப்பு. "கியரை மென்மையா மாத்து. கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதே" என்று வாசல் வரை வந்து வகுப்பெடுத்துத்தான் அனுப்புவேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். நல்ல மாணவி.

இவ்வளவு செய்தும் ஏன் தோற்றேன்? யோசித்துப் பார்த்ததில் காரணம் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. என் மாமியார்.

போன வருஷம் நான் ஓட்டினேன், மனைவி பக்கத்தில். மாமியார் இருப்பது எங்களோடு; தடத்துக்குப் போகிற வழியில்தான் அவருடைய இளைய மகள் வீடு. போகிறபோது இறக்கிவிடச் சொல்லி ஏறினவர், இறங்கவே இல்லை.

"ஒரு ரவுண்டுதானே மாப்பிள்ளை. நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்திருக்கேன்."

ஓரமாக உட்கார்ந்தவர் பதினான்கு வளைவுக்கும் குரல் கொடுத்தார். "இடது பக்கம் வளையுது மாப்பிள்ளை. நல்லா வளையுது. பிரேக்கு, பிரேக்கு. ம், இப்ப விடுங்க." வளைவு சொல்ல வேண்டிய என் மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லி முடித்துவிடுவார். குரலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எடை?

எடை என் தொழில். நான் லிஃப்ட் ஆய்வாளர். எட்டு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒன்பதாவதாக ஏறுகிறவரை முறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எடை கூடினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மாமியாரின் எடையை மாமியாரிடமே கேட்க முடியுமா? நான் கெட்டிக்காரன். பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் கீழே வைக்கிற எடைத்தட்டுகள் உண்டு. ஒருநாள் முட்டிவலிக்கு டாக்டரம்மாவிடம் காட்ட அவரைக் காரில் அழைத்துப் போனபோது, வழியில் பட்டறைக்குள் திருப்பினேன். "டயர்ல காத்து பாக்கணும் அத்தை, நீங்க அப்படியே உக்காருங்க" என்று எடை பார்த்தேன். பிறகு "கொஞ்சம் இறங்கிக் காலை நீட்டிக்குங்க" என்று இன்னொருமுறை பார்த்தேன். வித்தியாசம் எழுபத்தொரு கிலோ. கழித்தல் கணக்குப் போட்டு மாமியாரை எடை பார்த்த மருமகன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திட்டம் பிறந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் மாமியார் எங்கே உட்காருவார்? சீட்டின் எடையும் மிச்சம், சீட்டில் உட்காருகிறவரின் எடையும் மிச்சம். கேட்டால் பந்தயக் காருக்கு அதுதான் முறை என்று சொல்லிவிடலாம்.

பட்டறைக்காரரை எல்லோரும் காது மாஸ்டர் என்பார்கள். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். அவர் எட்டு போல்ட்டுகளைப் பிரித்துப் பின் சீட்டை வெளியே எடுத்துவைத்தார். "சார், வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்றார்.

"என் கார், என் சீட். யார்கிட்ட சொல்லணும்?"

"சரிங்க சார்" என்றார். அந்தச் 'சரிங்க'வில் ஒரு சந்தேகம் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

திட்டத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாருக்கும் புரியக் கூடாது என்று வேண்டுமென்றே கோழி கிளறியதுபோல எழுதினேன். எனக்கே இரண்டுமுறை படித்தால்தான் விளங்கும். வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி அந்த நோட்டோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"என்னங்க, இது என்ன?"

"அது ஆபீஸ் குறிப்பு. உனக்குப் புரியாது."

"நீக்க வேண்டியவை. ஒண்ணு, ஸ்டெப்னி, பதினாறு கிலோ. ரெண்டு, ஜாக்கி, நாலு கிலோ. மூணு, பின் சீட்டு, இருபத்தொரு கிலோ. நாலு, மா புள்ளி, எழுபத்தொரு கிலோ."

மளமளவென்று படித்தாள்.  என் மனைவி பதினைந்து வருஷமாக மருந்துக்கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அவளிடம்போய் நான் கிறுக்கலில் ரகசியம் வைத்திருந்தேன்.

"மா புள்ளின்னா யாரு?"

"யாருன்னு ஏன் கேக்கறே? என்னன்னு கேளு. மாற்றுச் சக்கரம்."

"ஸ்டெப்னிதான் முதல் வரியிலயே போயிடுச்சே."

"அப்ப... மாடல். காரோட மாடல்."

"மாடல் எழுபத்தொரு கிலோவா? எங்கம்மாவும் எழுபத்தொண்ணு. போன மாசம் எங்க கடை மெஷின்ல ஏறிப் பாத்தாங்க."

"என்ன ஒரு பொருத்தம்!" என்றேன்.

"எங்கம்மாவை நல்லாத்தான் எடை போட்டு வச்சிருக்கீங்க. சீட்டைக் கழட்டற சாக்குல அவங்களைக் கழட்டி விடப் பாத்திருக்கீங்க."

இடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எடை குறைஞ்சா நிஜமாவே வேகமாப் போகுமா?"

பதினாறு வருஷ இல்லறத்தில் இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். நாற்பது நிமிஷம் விளக்கினேன். வளைவுக்குள் நுழையும்போது என்ன நடக்கும், பிரேக் எப்போது பிடிக்கலாம், டயர் எப்படிப் பற்றும் என்று தட்டு, டம்ளர், கரண்டியெல்லாம் வைத்துக் காட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதில் எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"எடைதான் எல்லாம். இதுல வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பாக்கவே கூடாது. கிலோவுக்கு உறவுமுறை தெரியாது!"

"அப்ப அஞ்சாவதா ஒரு வரி சேத்துக்கவா?"

"தாராளமாச் சேத்துக்கோ."

எழுதினாள். முத்து முத்தான எழுத்து. 'வீ. தொண்ணூற்று நான்கு கிலோ.'

"வீ புள்ளின்னா என்ன?"

"வீட்டுக்காரர்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னைக் கழட்டிட்டா யாரு ஓட்டறது?"

"நான்தான். அம்பத்து மூணு கிலோ. நாப்பத்தொண்ணு மிச்சம். ரெண்டு பின் சீட்டு அளவு."

"உன்னால முடியாது. இருநூத்துப் பத்து குதிரை அது!"

"குதிரைக்கு யாரு ஓட்டறாங்கன்னு தெரியவா போகுது? மாஸ்டரைக் கேப்போம்."

போனை எடுத்து மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டுக் கணக்கைச் சொன்னாள். மாஸ்டர் எனக்காகப் பேசுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மேடம், நாப்பத்தொரு கிலோவா? சார் சொன்னாருன்னு கதவோட உள்பக்கத்தையெல்லாம் பிரிச்சேன், ஒன்பது கிலோகூடத் தேறல. இதை முன்னாடியே யோசிக்காமப் போயிட்டேனே!"

"மாஸ்டர்! இவளுக்கு அந்தக் காரைத் தடத்துல ஓட்டத் தெரியுமா?" என்றேன்.



"சார், நான் வெளியில நின்னாத்தானே சத்தம் கேக்க முடியும்? உள்ள ஒருத்தர் ஓட்டணுமே. மூணு வருஷமா சனிக்கிழமைதோறும் பின்னாடி மைதானத்துல மேடம்தான் சுத்திக் காட்டறாங்க. நீங்க ஓட்டினா கியர் மாத்தறப்ப ஒரு இருமல் வரும் சார். மேடத்துக்கு வராது."

இருமியது நான்தான்.

ஆனாலும் நான் எளிதில் விடுகிற ஆள் இல்லை. "சரி, நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வளைவு சொல்றேன்" என்று பெருந்தன்மையாக இறங்கி வந்தேன்.

"தொண்ணூத்து நாலு கிலோ எந்தச் சீட்டுல உக்காந்தா என்னங்க? எழுபத்தொரு கிலோவுல ஒருத்தர் இருக்காங்களே."

"என்னையா சொல்றே?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மாமியாரும் வந்துவிட்டார்.

"அத்தை, இது விளையாட்டில்ல. பதினாலு வளைவும் மனப்பாடமாத் தெரியணும்."

"முதல்ல இடது, அப்புறம் சின்னதா ஒரு வலது, அப்புறம் ஏத்தம். ஏத்தம் முடியற இடத்துல மறுபடி இடது, அங்கதான் போன வருஷம் நீங்க தாமதமா பிரேக் போட்டீங்க மாப்பிள்ளை. அதுக்கப்புறம்..."

பதினான்கையும் சொல்லி முடித்தார். இரண்டு இடத்தில் என் தவறையும் சேர்த்துச் சொன்னார்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "அத்தை ஹெல்மெட் போடணும். அது ஒண்ணரை கிலோ கூடும்!"

"தலைக்கனத்தை இங்கயே விட்டுட்டுத்தானே போறோம். சரியாப் போயிடும்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை நான் காது மாஸ்டரின் வேனில், ஸ்பேனர் பெட்டிமேல் உட்கார்ந்து தடத்துக்குப் போனேன். உள்ளுக்குள் தெம்பாகத்தான் இருந்தேன். மைதானம் வேறு, தடம் வேறு. இவர்கள் தோற்பார்கள். பிறகு என்னிடம் வந்து நிற்பார்கள். நான் கொஞ்ச நேரம் பிகு செய்துவிட்டு மன்னிப்பேன். எந்த முகபாவத்தில் மன்னிப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். அதே சமயம் டாக்டரும் தோற்க வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும் என்று மட்டும் புரியவில்லை.

டாக்டர் முதலில் ஓட்டினார். நல்ல நேரம். வேலியோரம் வந்து என் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினார். "நீங்க ஓட்டலையா?" என்றார்.

"சும்மா ஒரு மாறுதலுக்கு" என்றேன்.

நீலக் கார் கிளம்பியது. ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் என் காரை நான் வெளியில் நின்று கேட்டதே இல்லை. ஏற்றத்தில் அது மேலே ஏறிய சத்தம், கியர் மாறிய இடம் தெரியாமல் அப்படியே இழைந்து போனது. நான் பார்த்துப் பார்த்து மாற்றிய டயர் ஏற்றம் முடிகிற அந்த இடது வளைவில் ஒரு கீச்சுக்கூட இல்லாமல் பற்றிக்கொண்டது. கண்ணாடி வழியாக மாமியாரின் ஹெல்மெட் இடப்பக்கம் சாய்வதும் வலப்பக்கம் சாய்வதும் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் பொறாமை என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் பெருமை. அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரு செகண்டுக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அந்தக் காட்சிக்காக நான் ஒரு வருஷம் பாடுபட்டிருக்கிறேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

தலையை வாரிக்கொண்டு மேடைக்குப் படியேறினேன். கிளப் செயலாளர் படியிலேயே மடக்கினார்.

"ஓட்டினவங்களும் வளைவு சொன்னவங்களும் மட்டும்தான் சார்."

"கார் என்னுது!"

"அப்படியா? ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்று கை குலுக்கிக் கீழே இறக்கிவிட்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் வேனைத் தேடினேன். வழியில் யாருடைய காரோ நின்றுபோய்விட்டது என்று காது மாஸ்டர் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார். நல்லவேளையாக என் மனைவி இன்னும் போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் மாமியார், மடியில் கோப்பை.

ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன். "கொஞ்சம் இரு! நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

மாமியார் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாவம்டி. பின்னாடி இடம் இருந்தா ஏத்திக்கலாம்" என்றார்.

மனைவி கண்ணாடியை இறக்கி, டாக்டரின் கார் நின்ற பக்கம் கையைக் காட்டினாள்.

"அவரு வண்டியில பின் சீட்டு இருக்குங்க. கேட்டுப் பாருங்க."