நடுநிலை வாசகருக்குப் பதில் போடாதே

எருமப்பட்டி,
ஞாயிறு காலை.

சென்னைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அன்பு மகள் அறிவுச்செல்விக்கு, அப்பா அங்கமுத்து எழுதிக்கொள்வது. நான் நலம், கிணற்று மோட்டாரும் நலம். உன் நலத்தைப் போனில் கேட்டால், "கிளாசுக்குப் போறேனுங்ப்பா, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆகையால் கடிதம்.

நீ ஒரு நாவலுக்கு விமர்சனம் எழுதியிருப்பதாகப் பக்கத்து வீட்டு பூபதி சொன்னான். செல்போனில் தேடினால் முதலில் கோழித் தீவன விளம்பரம், அப்புறம் யார் யாரோ எழுதிய மூன்று விமர்சனங்கள். எதை நம்புவது? முப்பது வருஷம் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போட்டவன் நான். நீரோட்டம் பார்க்கிறவர்கள் மூன்று பேரை, ஒருவருக்கொருவர் தெரியாமல் கூட்டிவருவோம். மூவரும் ஒரே இடத்தைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு துளை போடலாம். இந்த மூன்றும் வார்த்தை பிசகாமல் ஒன்றையே சொல்லவும், பூரித்துப்போய் நாவலைத் தபாலில் வரவழைத்தேன். பார்த்தால் அத்தனை வரியும் பின்னட்டையில் இருக்கிறது! "ஏனுங் மாமா, படிக்காமயே எழுதுவாங்களா?" என்றான் பூபதி. "ஏன்டா, பந்தியில உக்காராமயே சாப்பாடு பிரமாதம்னு நீ சொல்றதில்லையா?" என்றேன்.

நாலாவதாகக் கிடைத்தது உன்னுடையது. நீ சொன்ன பக்கங்களை எல்லாம் புரட்டிச் சரிபார்த்தேன், ஒன்றும் தப்பில்லை. பெருமையாக இருந்தது சாமி. ஆனால், மகளிடம் மனம்விட்டுப் பேசாத அந்தத் தகப்பன் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே 'நடுநிலை வாசகர்' என்று ஓர் ஆள், 'அவனைப் பேச விட்டால்தானே பேசுவான்' என்று சண்டைக்கு வந்திருக்கிறான். நீயும், 'ஐயா, கூர்ந்து படித்திருக்கிறீர்கள்' என்று இருபது வரி எழுதுகிறாய். அவன் மறுபடி கேட்க, நீ மறுபடி எழுத, இதுவரை பதினோரு பதில்! வேலைவெட்டி இல்லாதவனுக்கு எதற்கு இத்தனை மரியாதை? உன் அம்மா போனதிலிருந்து என்னிடம்கூட நீ அவ்வளவு பேசியதில்லை. குத்திக்காட்டவில்லை, கணக்காகச் சொல்கிறேன். இனி அந்த ஆளுக்குப் பதில் போடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. குலதெய்வம் உன்னைக் கண்போல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு.: மேலே பதில் போடாதே என்று சொன்னதை அடித்துவிடு. அந்த ஆள் நான்தான். வியாழக்கிழமை கேட்ட கேள்விக்கு இன்னும் உன் பதில் வரவில்லை. காலையிலிருந்து நாலு தடவை திறந்து பார்த்துவிட்டேன். இரண்டு வரியாவது போடு சாமி. ஐயா என்றே எழுது, பரவாயில்லை.