குளித்துவிட்டு வேலைக்குப் போன டிஸ்க்

"பிளாப்பி டிஸ்க்கைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வேலைக்கு அனுப்பின ஒரே ஆள் இந்த உலகத்துலயே நான்தான் மாப்ளே," என்றார் ஓய்வுபெற்ற நூலகக் குமாஸ்தா.

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குமாஸ்தாவின் மனைவி அடக்கவில்லை. "முப்பது வருஷமா இதே புளுகு. தண்ணி பட்டா டிஸ்க் பிழைக்குமா?"

"பிழைச்சுதே."

அந்த அம்மாள் அப்போது அதே நூலகத்தில் தட்டச்சர், கல்யாணம் ஆகவில்லை. பதினோராயிரம் புத்தகப் பெயர்களை மூன்று மாதம் விரல் தேயத் தட்டி டிஸ்க்கில் ஏற்றியிருந்தார். திங்களன்று மேலதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை பார்த்துச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிட்டது.

"தூசி ஆகாதுங்க. உங்க வீட்டுல பத்திரமா வைங்க," என்று குமாஸ்தாவிடம் ஒரு டிஸ்க்கை நீட்டினார். அந்தக் கையால் வாங்கியதே குமாஸ்தாவுக்குப் பாதிக் கல்யாணம்.

உறையில் அச்சடித்திருந்த எச்சரிக்கைகளை வழிநெடுகப் படித்தார். வெயில் ஆகாது, வளையக் கூடாது, காந்தம் கூடவே கூடாது. அன்றைய வெயிலில் சைக்கிள் மணியே உருகிச் சொட்டியதாம். வீடு சேர்ந்ததும் டிஸ்க்கை பிரிட்ஜில் வைத்தார். கதவு 'டப்' என்று ஒட்டிக்கொண்டபோதுதான் உறைத்தது, அதை ஒட்டவைப்பதே காந்தம்தான்.

பாய்ந்து எடுத்தார். டிஸ்க்குக்கு வியர்த்துக் கொட்டியது. துண்டால் துடைத்தார், நூல் நூலாக ஒட்டியது. ஊதினார், எச்சில் தெறித்தது. வேறு வழியில்லாமல் குழாயடியில் காட்டினார். ஈரம் போகப் பவுடர் தூவினார். பவுடரும் தூசிதானே என்று மறுபடி குளியல்.

அவருடைய அம்மா எட்டிப் பார்த்து, "குழந்தைக்கு சோப்பு வேணுமாப்பா?" என்றாள்.

மின்விசிறிக்குள்ளும் காந்தம் உண்டே. ஞாயிறு முழுக்கச் செய்தித்தாளால் வீசினார். அந்தக் காற்றில் அடுத்த தெருவில் கொடியிலிருந்த துணியெல்லாம் காய்ந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை நடந்ததையெல்லாம் ஒப்பித்து, "உங்க மூணு மாசத்தையும் கொன்னுட்டேங்க," என்று தேம்பினார். தட்டச்சர் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அது கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு திரை நிறையப் புத்தகங்கள்.

"பதினோராயிரமும் ஒண்ணு குறையாம வந்துச்சு மாப்ளே. ஆனா இவ நம்பமாட்டா."

"அத்தை, நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. நடந்துச்சா இல்லையா?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குளிச்சது, பவுடர் போட்டது எல்லாம் நடந்ததுதான். பழகாத ஆளை நம்பி அசலைக் குடுப்பேனா? அது என் கைப்பையிலயே இருந்துச்சு. வெறும் டிஸ்க்குக்கே இந்த மனுஷன் இப்படி அழறாரேன்னுதான் மாப்ளே, கழுத்தை நீட்டினேன்."