எத்தனை மா மீட்டிங்?

மீட்டிங் என்றால் கொட்டாவி விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். போனை மடியில் வைத்து நோண்டுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். மண்வெட்டியோடு வந்து நிற்கிறவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன், அவருக்குக் கீழே வேலையும் பார்த்திருக்கிறேன். காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் அவரைப் போல ஒரு மனிதர் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை என்று எந்தக் கோயில் வாசலிலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் மண்வெட்டி சார்தான்.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நெல் அறுக்கும் மெஷின்களை ஊர் ஊராக வாடகைக்கு அனுப்புகிற கம்பெனி. எங்களிடம் ஆறு மெஷின் இருந்தது. புக்கிங் எடுப்பதும், மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதி வைப்பதும் என் வேலை. முதல் வேலைக்கு நேரமே கிடைக்காது, ஏனென்றால் இரண்டாவது வேலை அவ்வளவு இருக்கும்.

காரணம் முதலாளி. தங்கமான மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு பேரை உட்கார வைத்துப் பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. திங்கட்கிழமை காலையில் மீட்டிங். அந்த மீட்டிங்கில் என்ன பேசலாம் என்று முடிவு செய்ய சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மீட்டிங். மெஷின் ஓட்டுகிறவர்கள், மெக்கானிக், டீசல் கணக்குப் பார்க்கிறவர், வாட்ச்மேன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்தாக வேண்டும். எல்லா மீட்டிங்கும் முதலாளி கடன் வாங்கி முதல் மெஷின் வாங்கிய கதையில்தான் தொடங்கும். நடுவில் அவருக்கு இருமல் வந்தால் விட்ட இடத்திலிருந்து நானே சொல்லிவிடுவேன், அவ்வளவு பாடம். அந்த நேரம் முழுக்க மெஷின்கள் ஷெட்டில் தூங்கும். கதிர் முற்றிய வயலிலிருந்து போன் மேல் போன் வரும். "மீட்டிங்ல இருக்கோம், அப்புறம் பேசுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இந்த லட்சணத்தில்தான் மண்வெட்டி சார் எங்களுக்கு மேனேஜராக வந்து சேர்ந்தார். பூதலூர்க்காரர். இன்ஜினியரிங் படித்தவர், ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் உண்டு. தினமும் ரயிலில் வந்து போவார். முதல் திங்கட்கிழமை அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் "நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

மெக்கானிக் யோசித்துப் பார்த்துவிட்டு, வராவிட்டால் திட்டு விழும் என்றார். வாட்ச்மேன் இன்னும் யோக்கியமானவர். "பிஸ்கட் குடுப்பாங்க சார்" என்றார். மண்வெட்டி சார் அவர் தோளில் கை போட்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுசாகக் கையில் கொடுத்து, காவலுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு உள்ளே மிஞ்சியது ஐந்தாறு பேர். காலி நாற்காலிகளைப் பார்த்த முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்து, மீட்டிங்கின் விலையை அவர் சொல்ல ஆரம்பித்தார். ரூபாயில் சொல்லியிருந்தால் ஒருவரும் காதில் வாங்கியிருக்க மாட்டோம். அவர் மா கணக்கில் சொன்னார். எங்கள் பக்கத்தில் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு மெஷின் ஒரு மணி நேரத்தில் மூன்று மா அறுக்கும். ஆறு மெஷினையும் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பேசினால் என்ன ஆகும்? மீட்டிங் முடிந்ததும் மண்வெட்டி சார் முன்னால் வந்து, கருமாதி வீட்டில் பேசுவது போலக் குரலை இறக்கி, "இன்னைக்கு ரெண்டு வேலி கிட்ட போச்சு" என்பார். எல்லோரும் விவசாயக் குடும்பம். அறுக்காத வயல் கண் முன்னால் வந்து நிற்கும். டீசல்காரர் ஒரு தடவை நிஜமாகவே உச்சுக்கொட்டினார்.

அது தொற்றுவியாதி மாதிரி பரவிவிட்டது. லீவு கேட்க வந்தவர், "சார், அரை மா பேசணும்" என்று ஆரம்பித்தார். அம்மா போனில் என் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, இது எத்தனை மா பேச்சு என்று நானே கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இத்தனைக்குப் பிறகும் முதலாளியின் முதல் மெஷின் கதை மட்டும் குறையவில்லை. அதற்காகத்தான் ஒரு திங்கட்கிழமை மண்வெட்டி வந்தது. கடைத்தெருவில் வாங்கிய புத்தம்புதிய மண்வெட்டி, ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கூடக் கிழிக்கவில்லை. அதை மேஜை மேல் வைத்துவிட்டு சார் விளக்கினார். ஊரில் முறைத்தண்ணீர் பாய்ச்சும்போது ஒருவர் வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். அடுத்த முறைக்காரர் மண்வெட்டியோடு வந்து வரப்பில் நிற்பார். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். வந்து நின்றாலே பாய்ச்சுகிறவர் தன் மடையை அடைத்துவிட்டு விலக வேண்டும். இனிமேல் மீட்டிங்கும் அப்படித்தான். மண்வெட்டியைத் தோளில் வைத்திருக்கிறவர்தான் பேசலாம், அதுவும் நின்றுகொண்டு. அடுத்தவர் பக்கத்தில் வந்து நின்றால் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் சார் சொல்வார், "மடையை மாத்துங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே மண்வெட்டியை வாங்கித் தோளில் வைத்து, முதல் மெஷின் கதையைத் தொடங்கினார். பேங்க் மேனேஜர் வருகிற இடத்தில் சார் பக்கத்தில் போய் நின்றார். முதலாளி பார்க்காதது போல மேலே போனார். சார் இன்னும் நெருங்கி நின்றார். அவர் மூச்சு முதலாளியின் காதில் பட்டிருக்கும். கையெழுத்துப் போடுகிற இடம் வருவதற்குள் முதலாளியின் தோள் தொங்கிவிட்டது. அந்தக் கதை முடியாமல் நின்றது அதுதான் முதல் தடவை. சாரின் வேலைக்கு ஆபத்து என்று நாங்கள் பயந்தோம். மறுநாள் முதலாளி தோளில் தைலம் மணக்க வந்து, "நல்லாத்தான்யா இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியுது" என்றார்.

எங்களவர்கள் லேசுப்பட்டவர்களா? மேலே பேச முடியாததைக் கீழே டீக்கடையில் பேச ஆரம்பித்தார்கள். சார் அங்கேயும் மண்வெட்டியோடு இறங்கிப் போனார். டீக்கடைக்காரர், யாரோ சாக்கடை அடைப்பெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன், இப்பவாவது வந்தீங்களே" என்று வழிகாட்டினார். சார் குனிந்து பார்த்து, அடைப்பை எடுத்துவிட்டுத்தான் மேலே வந்தார்.

தை மாத அறுப்பு உச்சத்தில் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில் மெஷின் ஓட்டும் ஆரோக்கியம் மண்வெட்டியை எடுத்தார். நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம், ஏனென்றால் ஆரோக்கியம் வாயைத் திறப்பது அபூர்வம். வேலையில் சூரர். பேச்சு மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும்.

"போன வாரம் என் மச்சான் பொண்ணு பாக்கப் போனான் சார், வலங்கைமான் பக்கம். புதுச் சட்டை, கையில ஸ்வீட் பாக்ஸு. நான் பின்னாடி வேற வண்டியில..."

அதற்குள் டீசல்காரர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். ஆரோக்கியம் ஒரு நிமிஷம் சாரைப் பார்த்தார். சார், "மடையை மாத்துங்க" என்றார். ஆரோக்கியம் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய் நின்றுகொண்டார். ஆறு மாவிலேயே மீட்டிங் முடிந்துவிட்டது என்று சாருக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வலங்கைமான் பக்கத்தில் தெரசா அக்காவின் வயலுக்கு மெஷின் போக வேண்டும். மூன்று ஏக்கர் குத்தகை நிலம். தனியாளாக நின்று பயிர் செய்கிறவர். அந்த நெல்லை அளந்து கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் நிலம் அவர் கையில் இருக்கும். மறுநாள் மழை என்று டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். பாதிப் பயிர் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது. இனி நனைந்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். காலையிலிருந்து அவர் எனக்கு எத்தனையோ போன் போட்டுவிட்டார்.

மெஷினை ஏற்றிக்கொண்டு லாரியில் ஆரோக்கியம் போனார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. வயலுக்குப் போகும் வழியில் வாய்க்காலைக் கடக்கிற மதகைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பைக் போக ஒரு பலகை மட்டும் கிடக்கிறது, லாரி போகாது, மெஷினும் போகாது. தினமும் நடந்து போகிற தெரசா அக்காவுக்குப் பலகையே பாதையாக இருந்ததால், மெஷின் போகாது என்பது தோன்றவே இல்லை. சார் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மண்வெட்டி பின்னால் உருண்டுகொண்டே வந்தது.

அங்கே போனால் வாய்க்காலின் இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் தெரசா அக்கா. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 

வழி இப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாதா என்று சார் சத்தம் போட்டார். ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எனக்குத் தெரியும் சார். இதுக்குள்ள கட்டி முடிச்சிருப்பாங்கன்னு கெளம்பி வந்துட்டேன். என் மச்சான் இந்தப் பலகையிலேர்ந்துதான் வாய்க்கால்ல விழுந்தான். அதைத்தான் திங்கக்கிழமை சொல்ல வந்தேன். மடையை மாத்திட்டீங்க."

சாரை அப்படி நான் பார்த்ததே இல்லை.  சத்தத்தை விட்டுவிட்டு ஜீப்புக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்து ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார்.

"விட்ட எடத்துலேர்ந்து சொல்லுங்க ஆரோக்கியம். யாரும் பக்கத்துல வந்து நிக்க மாட்டாங்க."

ஆரோக்கியம் சொன்னார். புதுச் சட்டையிலிருந்து ஆரம்பித்தார். ஸ்வீட் பாக்ஸ் எந்தக் கடையில் வாங்கியது என்பதைக்கூட விடவில்லை. ஒருவரும் குறுக்கே பேசவில்லை. மச்சானுக்குக் கால் பிசகிவிட்டதாம். பலகை வழியாகத் தூக்கிப் போக முடியாமல், கொஞ்சம் மேலே தள்ளி இருக்கும் இன்னொரு மதகு வழியாக, அறுத்த வயல்களில் இறங்கிப் பெண் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். "தரை நல்லா காஞ்சிருந்துச்சு சார். ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனோம், காலே புதையல. நம்மது டயர் இல்லாம செயின்ல ஓடுற மெஷினு, தாராளமா போகும்."

வழி கிடைத்துவிட்டது. ஆனால் நடுவில் மூன்று பேருடைய வயல். அறுப்புக்கு முன்னாலேயே தெளித்த உளுந்து அதில் இரண்டு இலை விட்டு முளைத்திருந்தது. அந்த வயல்காரர்களைக் கூப்பிட்டார்கள். வாய்க்கால் கரையிலேயே மீட்டிங் கூடிவிட்டது. இரண்டு பேர் ஓரமாகப் போகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் கோவிந்தராசு மட்டும் முடியாது என்றார். தெரசா அக்காவின் ஆடு போன வருஷம் அவர் உளுந்தை மேய்ந்துவிட்டதாம். அந்த ஆட்டின் தாய் ஆடு என்ன செய்தது என்பதிலிருந்து அவர் எடுத்தார். சார் மண்வெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெல்லப் பக்கத்தில் போய், "சார், மா போகுதே" என்றேன்.

"போகட்டும்மா. இது பாய வேண்டிய தண்ணி."

கோவிந்தராசு மனசில் இருந்ததையெல்லாம் கொட்டி முடித்தார். சொல்லி முடித்ததுமே அவர் முகம் கொஞ்சம் இளகிவிட்டது. அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து தெரசா அக்கா பேசினார். "தப்புதாண்ணே. ஆட்டை இனிமே கட்டிப் போடுறேன். வைக்கல் பூரா நீங்களே எடுத்துக்குங்க." கோவிந்தராசு மண்வெட்டியை சாரிடம் திருப்பிக் கொடுத்தார். "வடவோரமா போகச் சொல்லுங்க. உளுந்து கொஞ்சம் போனா போவுது" என்றார்.

மூன்று வயலுக்கும் வரப்பை வெட்டி வழிவிட்டது சார்தான். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வெட்டினார். அத்தனை மாதம் ஆபீஸில் தோள் தோளாக ஏறி இறங்கிய மண்வெட்டியில் அன்றைக்குத்தான் வயல் மண் ஒட்டியது. விலைச்சீட்டும் அன்றைக்குத்தான் போனது.

மழை மறுநாள் விடிந்த பிறகு வந்தது, நல்ல மழை. அதற்குள் தெரசா அக்காவின் நெல் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாகிவிட்டது. அடுத்த வருஷமும் அதே நிலத்துக்கு அவரிடமிருந்துதான் முதல் புக்கிங் வந்தது, மதகு நன்றாக இருக்கிறது என்ற தகவலோடு. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலத்தை. கடைசி மூலையும் அறுபட்டு மெஷின் நின்றதும் தெரசா அக்கா தூக்குவாளியில் டீ கொண்டு வந்தார். வெட்டின வரப்பையெல்லாம் திரும்பக் கட்டிவிட்டு வந்த மண்வெட்டி சார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினார்.

"ஆரோக்கியம், அப்புறம் மச்சான் என்ன ஆனாரு?"

ஆரோக்கியத்துக்கு முகமெல்லாம் பல். மெஷினிலிருந்து இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்து, கால் முளைத்த சேறு மாதிரி மச்சான் பெண் வீட்டு வாசலில் ஒற்றைக்காலில் போய் நின்றதையும், பெண் சிரித்த சிரிப்பையும், துண்டு எடுத்துக் கொடுத்ததையும் ஆற அமரச் சொன்னார். ஈஸ்டர் கழித்துக் கல்யாணமாம். அன்றைக்குப் பேச்சில் ஒரு வேலியாவது போயிருக்கும், யாரும் கணக்குக் கேட்கவில்லை.

மண்வெட்டி சார் பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் இப்போது வேறு ஊரில், வேறு ஆபீஸில், வாரம் முழுக்க மீட்டிங்கில் இருக்கிறேன். ஒருவர் பேசிக்கொண்டே போகும்போது, மண்வெட்டியோடு அவர் வந்து நிற்க மாட்டாரா என்று வாசலைப் பார்ப்பேன். ஓரத்தில் யாராவது ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அடங்கிப்போனால், இன்னும் அதிகமாகப் பார்ப்பேன்.