சாமி ஊதினால் பூட்டு திறக்கும்

திண்டுக்கல்லுக்குப் பூட்டு வாங்க வருகிறவர்கள் உண்டு. பூட்டைத் திறக்கக் கூட்டம் கூடியது அந்த வைகாசியில்தான்.

ரெட்டியார்சத்திரம் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துத் திறவுகோல் சாமிகள் எழுந்தருளியிருந்தார். கல்யாணத் தடையா, தீராத நோயா? எல்லாம் விதி போட்ட பூட்டாம். வாசலில் ஒரு பூட்டு வாங்கி, உங்கள் கையாலேயே பூட்டி, சாவியை உண்டியலில் போட்டுவிட்டு நீட்டினால் போதும். சாமி இரு கைகளாலும் பொத்தி ஓர் ஊது ஊதுவார். டக்! பூட்டு திறந்துவிடும், விதியும்தான். ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் தன் தக்காளிக்கு விலை ஏற ஒன்று, எதிர்க்கடைக்காரருக்கு இறங்க ஒன்று என்று ஜோடியாக வாங்கினார். வீட்டுப் பூட்டு தீட்டு என்று போர்டே வைத்திருந்தார்கள்.

வாசலில் பூட்டு விற்றவர் சடையாண்டி. ரகசியம் அவருக்குத் தெரியும். செய்து கொடுத்ததே அவர்தான். "உள்ளார பித்தளை நாக்குக்குப் பதிலா இரும்பு வச்சுக் குடுங்க" என்று சாமி பட்டறைக்கு வந்து கேட்டபோதே, சாமியின் மோதிரத்தில் இருந்தது கல் அல்ல, காந்தம், அது இரும்பு நாக்கை இழுத்துப் பூட்டைத் திறந்துவிடும் என்று புரிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு மாடி கட்டும் ஆசை, புரிந்ததை அமுக்கிவிட்டது.

"நான் பூட்டுதான் விக்கிறேன். பொய்ய அவருல்ல விக்கிறாரு" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாடி எழும்பியது. அதற்கு மேல் இன்னொரு மாடி போட்டால் என்ன என்று தோன்றியது.

ஒரு திங்கட்கிழமை சின்னாளப்பட்டியிலிருந்து செல்லக்கிளி வந்தாள். தறி நெய்கிறவள். காலில் கட்டு, முகத்தில் பூரிப்பு.

"ஒங்க பூட்டு ராசியான பூட்டுண்ணே! போன மாசம் சக்கரை நோய்க்கு வாங்குனேன். சாமி ஊதுனதும் தொறந்துருச்சு. அன்னைக்கே ஊசிய நிறுத்திட்டேன்."

கால் கட்டிலிருந்து நாற்றம் வந்தது. சடையாண்டி கையில் எடுத்த பூட்டைக் கீழே வைத்தார்.

"தாயி, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. கால் போயிரும்."

"சாமி கோவிச்சுக்குவாரு. நாளைக்குக் காலுக்குன்னு தனியா ஒரு பூட்டுத் தொறக்கணும்னாரு."

"அந்தாளு ஊதித் தொறக்கலம்மா!"

"தொறந்தத நான் கண்ணால பாத்தேன்ல?"

அவள் பார்த்தது அவர் செய்த பூட்டையல்லவா! அன்று இரவு பட்டறையில் உட்கார்ந்து, மறுநாள் விற்க வேண்டிய பூட்டுகளையெல்லாம் பிரித்து, இரும்பு நாக்கைப் பிடுங்கிவிட்டுப் பித்தளையை மாட்டினார். கட்டாத மாடியின் நினைப்பு ஒருமுறை வந்து போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை. முதல் பூட்டு செல்லக்கிளியுடையது. சாமி ஊதினார். திறக்கவில்லை. மோதிரத்தை இப்படியும் அப்படியும் தேய்த்து ஊதினார். ம்ஹூம்.

"முன்ஜென்ம வினை கனமா இருக்கு. அடுத்தவங்க வாங்க."

அடுத்ததும் திறக்கவில்லை. பத்தாவது பூட்டில் சாமிக்கு மூச்சிரைத்தது. பத்துப் பேருக்கும் ஒரே நாளில் வினை கனத்துவிட்டது போலும்!

சடையாண்டி மேடையேறினார். சாமியின் கையைப் பிடித்து மோதிரத்தை உருவி, இரும்பு நாற்காலியின் காலில் வைத்தார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு பித்தளைப் பூட்டின்மேல் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது.

"இம்புட்டுதான் சாமியோட சக்தி. நேத்து வரைக்கும் உள்ள இரும்பு வச்சுக் குடுத்தது நான்தான்."

"அப்ப நீயும் களவாணிதானய்யா!" என்றார் ஒருவர்.

"ஆமா" என்றார் சடையாண்டி.

பின்கட்டு வழியாக நழுவிய சாமியை மண்டபத்துச் சமையல்காரர்கள் பிடித்து உட்கார வைத்துப் போலீசுக்குச் சொன்னார்கள். சடையாண்டி கூப்பிட்ட ஆட்டோவில் செல்லக்கிளி ஏறினாள். பெரியாஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள், கால் தப்பியது. அவள் வீடு திரும்பும்வரை மருந்துச் செலவு சடையாண்டியுடையது.

அன்று கலைந்துபோன கூட்டத்தில் ஒருவர் மெல்ல விசாரித்தார்: "அப்ப, பித்தளைப் பூட்டத் தொறக்குற சாமி எந்த ஊர்ல இருக்காரு?"

இருக்கக்கூடும், ஐயா. தேடிப் போனால் உங்கள் வீட்டுப் பூட்டையே கொண்டுபோங்கள். அவர் ஆற அமர ஊதிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் அதற்குள் மருந்தைச் சாப்பிட்டுவிடுங்கள்.