பாடாத எழுபத்திரண்டாம் ஆள்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

என் இடது முழங்கால் நீங்கலாக இங்கு யாவரும் நலம். தங்கள் வீட்டில் முழங்கால்கள் உட்பட அனைத்தும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் தங்கை மகள் இருபது வருடமாக நாடு நாடாகப் போய், நூறு பேர் வாத்தியம் வாசிக்க, எழுபது பேருக்கு மேல் பாட, நடுவில் நின்று கோலை அசைத்து அவர்களை நடத்திவருவது தாங்கள் அறிந்ததே. பாடவும் மாட்டாள், வாசிக்கவும் மாட்டாள், வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று நாம் இருவரும் சேர்ந்துதான் கேலி பேசினோம். ஸ்டேஷன் மாஸ்டராக முப்பது வருடம் கொடி காட்டிய நான் அப்படி ஒருநாளும் நின்றதில்லை என்று அவளிடமே சொன்னேன். "நீங்க ரயிலப் பாத்துதானேப்பா கொடி காட்டுனீங்க? பயணிங்களையா பாத்தீங்க?" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய ஒரு கச்சேரிக்கும் நான் போகவில்லை. அவளுக்கு அது மனக்குறை. எனக்கும்தான், வெளியே சொன்னதில்லை.

போன சனிக்கிழமை இங்கேயே நடந்த கச்சேரிக்கு அவளே கூப்பிட்டாள். உன் முகம் தெரிகிற இடமாக இருந்தால் வருகிறேன் என்றேன். மேடையின் பின்பக்கம், பாடகர்களின் கடைசி வரிசையை ஒட்டி ஒரு நாற்காலி கொடுத்தாள். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன்; பாடகர்களும் கறுப்புக் கோட்டில்தான் இருந்தார்கள், அதுதான் வினை. முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நிம்மதியை அந்த முகத்தில் வீட்டில் நான் கண்டதே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது இரண்டு கையையும் மெல்லத் தூக்கி என்னை நேராகப் பார்த்தாள். சின்ன வயதில், நான் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிட்டால், பள்ளிக்கு நேரமாகிவிட்டது எழுந்திருங்கள் என்று பார்ப்பாளே, அதே பார்வை. எழுந்துவிட்டேன். எழுபத்தொரு பாடகர்களும் எழுந்தார்கள். பக்கத்திலிருந்தவர் தன் பாட்டுத்தாளை வேறு என் பக்கம் சாய்த்துக் காட்டினார். அவர்கள் வாயைத் திறந்து பாடினார்கள், நான் திறந்து திறந்து மூடினேன். அவள் கோலை நிறுத்தாமல் இடது உள்ளங்கையை இடுப்பளவில் கீழே அமுக்கிக் காட்டினாள்.

மைத்துனரே, அது என் கை. அடுத்த ஸ்டேஷனோடு நான் போனில் பேசும்போது, மேசைக்கடியில் விளையாடுகிறவளைச் சத்தம் போடாதே என்று அப்படித்தான் அமுக்குவேன். சட்டென்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மொத்தப் பாடகர்களும் சைகை தங்களுக்கென்று நினைத்துக் குரலைத் தாழ்த்த, வாத்தியங்களும் கூடவே ஒடுங்கிவிட்டன. உரக்கப் பாட வேண்டிய இடமாம் அது.

அவள் பெயரைக் கெடுத்துவிட்டேனே என்று பின்வாசல் வழியாக வீடு வந்து சேர்ந்தேன். தங்கள் தங்கையிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். இனி எந்த அரங்கத்தையும் மிதிப்பதாக இல்லை. விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும்.

அங்கு என்னைவிட மூத்தவர்களுக்கு வணக்கமும் மீதி எல்லோருக்கும் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். குரல் தாழ்ந்த அந்த இடத்தைத்தான் பத்திரிகையில் புகழ்ந்திருக்கிறார்களாம். "அடுத்த மாசம் வேற நாட்டுல இதே பாட்டுப்பா. அந்த எடத்துல எனக்கு அதே கை வரணும். நீங்க எந்திரிச்சு நின்னாத்தான் வரும்" என்றாள். தாராளமாக எல்லோரிடமும் சொல்லுங்கள். தங்கள் கறுப்புக் கோட்டை உடனே அனுப்பவும், என்னுடையது உட்கார்ந்த வேகத்தில் கிழிந்துவிட்டது.