பொட்டலம் பாயும் ஆறாவது கேள்வியும்

சேர்வராயன் மலையில் கொரோனாவுக்கே தெரியாத ரகசியமெல்லாம் பொட்டலம் பாய்க்குத் தெரியும். ஏற்காட்டில் மருந்துக் கடை வைத்திருந்தார். இருமல் மருந்தோ எனிமாவோ, எதைக் கேட்டாலும் மூன்று சுற்று செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டித்தான் தருவார். "இப்பப் போன அம்மா என்ன வாங்குச்சுங்க பாய்?" என்று கேட்டால், "பொட்டலமுங்க" என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடையில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளின் வியாபாரம் நின்றுவிடும். "கண்ணு, வெளிய பனி எறங்கிருச்சான்னு பாத்துட்டு வா" என்று வந்தவரைத் துரத்துவார். சித்திரை வெயிலிலும் துரத்துவார்.

அரசாங்கத்தின் கொரோனா ஆப்பை அவர் போனில் ஏற்றவே இல்லை. "நான் எங்க போறேன்னு எங்க ஊட்டுக்காரியே கேக்கறதில்லைங்க. கவர்மெண்டுக்கு எதுக்குங்க?"

நான் அப்போது நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுகிற வேலை. ஆப்பில் பதிந்தால்தான் வேலை என்று மேலிடத்து உத்தரவு. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, கேள்விகளை உரக்கப் படித்து, பதிலை அவரவர் போனில் நானே தட்டினேன். என்னைவிடப் பொறுப்பான ஆள் மலையிலேயே இல்லை என்ற நினைப்பு வேறு. ஆறாவது கேள்வி: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, நுரையீரல் நோய் ஏதாவது இருக்கிறதா, இருந்ததா?

சரோஜா அக்காவின் முறை வந்தது. ஆறாவது கேள்விக்கு வாய்க்குள்ளேயே எதையோ முனகிவிட்டு, பின்னால் திரும்பிப் பார்த்தார். மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. வருங்காலச் சம்பந்தியம்மா அதே வரிசையில் நாலு பேர் தள்ளிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வியாதி என்று ஒரு வார்த்தை வந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். மர மண்டை எனக்கு அது உறைக்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றேன்.

சானிடைசர் கொடுக்க வந்திருந்த பாய் குறுக்கே புகுந்தார். "ஏனுங்க ரைட்டரே, மொதல்ல எனக்குப் போடுங்க. எனக்கு மூலமுங்க! பதினேழு வருசமா! உக்காந்தா நொம்ப எரியுதுங்க. எழுதுங்க, நல்லா எழுதுங்க!"

போனே கொண்டுவராத மனிதர்! கூட்டம் சிரித்த சிரிப்பில் வரிசை கலைந்தது. சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார்.

பாய் என் காதருகே குனிந்தார். "கண்ணு, ஆபீஸ் ரூம்ல ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு, கதவச் சாத்திட்டுக் கேளு."

வெட்கமாகப் போய்விட்டது. அப்படியே செய்தேன். உள்ளே வந்து சரோஜா அக்கா சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்வதாக இல்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

அன்று பாய் மொபெட்டைக் கிளப்பும்போது கேட்டேன்: "நெசமாவே மூலமுங்களா பாய்?"

"அதெல்லாம் உங்கிட்டச் சொல்லுவனா சாமி?" என்று போயே விட்டார்.

இப்போது நான் சேலத்துக்காரன். எங்கள் தெருவிலேயே நாலு மருந்துக் கடை. ஆனாலும் மனசு சரியில்லாத நாளில் பஸ் பிடித்து மலையேறி, அவரிடம்தான் சொல்லிவிட்டு வருகிறேன்.